இருபது வரை சொல்லும், மூன்று கொடுக்காது

சாம்பாருக்கு வைத்திருக்கும் சின்ன வெங்காயத்தில் பத்துப் பன்னிரண்டை எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மூன்று வயதை ஒட்டிய குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அம்மாவுக்கு ஒரு வெங்காயம் குடு கண்ணு" என்று கையை நீட்டுங்கள். கொடுக்கும். "இப்ப ரெண்டு குடு." அநேகமாக அதையும் சரியாகக் கொடுத்துவிடும். "மூணு குடு" என்று கேட்டுப் பாருங்கள். கிண்ணத்துக்குள் கைவிட்டு, அகப்பட்டதை அள்ளி உங்கள் உள்ளங்கையில் வைக்கும். நாலு இருக்கலாம், ஆறு இருக்கலாம். முகத்தில் துளிக் குழப்பமும் இருக்காது. "அஞ்சு குடு" என்றாலும் அதே அள்ளல்தான்.

முந்தின நாள் வந்த விருந்தாளிகள் முன்னால் ஒன்றிலிருந்து இருபது வரை மூச்சுவிடாமல் சொல்லிக் கைதட்டு வாங்கியதும் இதே குழந்தையாக இருக்கும். பெற்றோருக்கு இது அதிர்ச்சி. "நேத்து நல்லா சொன்னானே, இன்னைக்கு என்ன ஆச்சு?" என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. நேற்றும் அவனுக்கு மூன்று என்றால் என்னவென்று தெரியாது. வரிசை தெரியும், அவ்வளவுதான். பொருள் தெரியாமலே சுப்ரபாதம் முழுவதையும் ஒப்பிக்கிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990-லும் 1992-லும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த வெங்காய விளையாட்டை அறிவியல் சோதனையாக நிலைநிறுத்தின. அவர் வைத்தது வெங்காயமல்ல, சின்னச் சின்ன பொம்மைகள். 'இத்தனை கொடு' என்று கேட்பதுதான் மொத்தச் சோதனையும். அதைவிட எளிமையாக ஒரு சோதனையை யோசிப்பது கடினம். ஆனால் அதில் வெளிப்பட்ட ஒழுங்கு எவரும் எதிர்பார்த்ததல்ல. முதலில் குழந்தைக்கு 'ஒன்று' மட்டும் விளங்குகிறது. மற்ற எண்கள் எல்லாமே அதற்கு 'நிறைய'. சில மாதங்கள் கழித்து 'இரண்டு' பிடிபடுகிறது. இன்னும் சில மாதங்களில் 'மூன்று'. சில குழந்தைகள் 'நான்கு' என்ற படியிலும் கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போகும். இதற்குள்ளாகவே ஒரு வருடம் ஓடிவிடும். அடுத்தது ஐந்து, பிறகு ஆறு என்று ஒவ்வொன்றாக வரும் என்றுதானே நினைப்போம்? வராது. மூன்றரை, நான்கு வயதுவாக்கில் ஒரே தாவலில் ஐந்து, ஏழு, பத்து என்று தனக்குத் தெரிந்த வரிசை முழுவதற்கும் குழந்தை பொருள் கண்டுவிடுகிறது. அன்றைக்கு "ஆறு குடு" என்றால் அள்ளாது. ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து வைத்து, ஆறில் நிறுத்தும்.

அந்தத் தாவலில் குழந்தை கண்டுகொள்வது ஒரே ஒரு செய்தி: எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் அந்தக் கூட்டம் முழுவதற்குமான தொகை. பெரியவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே படாது. ராஷல் கெல்மனும் ராண்டி கேலிஸ்டலும் 1978-ல் வெளிவந்த தங்கள் நூலில் எண்ணுதலுக்கு அடிப்படையான ஐந்து விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். சொற்களின் வரிசை மாறக் கூடாது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே. எதை வேண்டுமானாலும் எண்ணலாம். கடைசிச் சொல்லே தொகை. இந்த ஐந்தில் கடைசியதுதான் மழலையர் வயதின் பெரிய மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐந்து ஸ்பூனை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." சரி, "மொத்தம் எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டால் மறுபடியும் ஒண்ணிலிருந்து ஆரம்பிக்கும். அதைப் பொறுத்தவரை 'எத்தனை' என்பது தொகையைக் கேட்கும் கேள்வியல்ல. எண்ணத் தொடங்கு என்ற உத்தரவு.

இந்தப் படிவரிசை பள்ளிக்கூடம் போட்ட பாதையோ என்று சந்தேகம் வருவது நியாயம். பொலிவியாவின் மழைக்காட்டில் வேட்டையும் வேளாண்மையுமாக வாழும் சிமானே மக்களின் குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் இதே சோதனையைச் செய்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஒன்று, அதே இரண்டு, அதே மூன்று, அதன்பின் தாவல். ஆனால் அமெரிக்கக் குழந்தைகளைவிடச் சில ஆண்டுகள் தாமதமாக. ஆக வரிசை மனித மூளையின் சொத்து, வேகம் மட்டும் சுற்றியிருப்பவர்கள் கொடுப்பது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுற்றியிருப்பவர்கள் என்றால் பேச்சும் சேர்த்துத்தான். ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மை தவிர 'இருமை' என்றும் ஒன்று உண்டு. இரண்டு பொருளைச் சொல்லத் தனி விகுதி. அந்தக் குழந்தைகளுக்கு 'இரண்டு' சீக்கிரம் விளங்கிவிடுகிறது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. இலக்கணமே நாள் முழுதும் பாடம் நடத்துகிறது. நம் வீட்டுப் பேச்சில் ஒரு இட்லி, ரெண்டு இட்லி, நாலு இட்லி எல்லாமே இட்லிதான். விகுதி செய்யாத வேலையை நம் வாய் செய்ய வேண்டியிருக்கிறது.

குழந்தை வெற்றுப் பலகையாகவும் வரவில்லை. ஐந்து மாதக் குழந்தையின் முன் ஒரு பொம்மையை வைத்து, திரையால் மறைத்து, அது பார்க்கும்படி இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்தார் வின். திரையை இறக்கும்போது இரண்டுக்குப் பதில் ஒன்றே இருந்தால் குழந்தை கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தது. 1992-ல் நேச்சர் இதழில் வந்த இந்தக் கட்டுரை அப்போது பெரிய பரபரப்பு. எட்டுப் புள்ளிக்கும் பதினாறு புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதக் குழந்தை உணர்கிறது, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ளதை உணர்வதில்லை என்று ஃபே ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2000-ல் காட்டினார்கள். சிறு கூட்டத்தைத் துல்லியமாகவும் பெரிய கூட்டத்தைக் குத்துமதிப்பாகவும் பார்க்கும் கண் பிறவியிலேயே இருக்கிறது. 'ஏழு' என்ற சொல்லை ஏழு பொருளோடு இணைக்கும் வேலை மட்டும் பாக்கி. அந்த வேலை நடக்கும் இடம் பெரும்பாலும் வீடு.

வீட்டில் எவ்வளவு நடக்கிறது? சிகாகோவில் சூசன் லெவின் குழுவினர் 44 வீடுகளுக்குக் குழந்தை பதினான்கு மாதமாக இருந்தபோது தொடங்கி முப்பது மாதம் வரை ஐந்து முறை கேமராவோடு போனார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். எதையும் சொல்லித்தரச் சொல்லவில்லை. வழக்கம்போல் இருங்கள் என்றுதான் சொன்னார்கள். 2010-ல் முடிவு வந்தது. மொத்தம் ஏழரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் பெற்றோர் வாயிலிருந்து வந்த எண் சொற்கள் நான்கு. இன்னொரு வீட்டில் 257. அந்தக் குழந்தைகளுக்கு நான்கு வயது நெருங்கும்போது, எண் சொற்களின் பொருள் யாருக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். சின்ன வயதில் காதில் விழுந்த எண் பேச்சு அதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது. வீட்டின் வசதியையும், பெற்றோர் பொதுவாக எவ்வளவு பேசுகிறவர்கள் என்பதையும் கணக்கிலெடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை. நாள் முழுக்க லொடலொடவென்று பேசும் வீடாக இருந்தாலும் அந்தப் பேச்சில் எண் இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

எந்த எண் பேச்சு என்று அடுத்த ஆண்டே லெவினும் எலிசபெத் குண்டர்சனும் சலித்துப் பார்த்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான், ஏனென்றால் நாளைக் காலையே செய்யக்கூடியது. வெறுமனே வரிசையை ஒப்பிப்பதில் பெரிய பயன் தெரியவில்லை. கண்ணெதிரே இருக்கும் பொருளை எண்ணியோ, அதன் தொகையைச் சொல்லியோ பேசியதுதான் பலன் தந்தது. அதிலும் நான்கு முதல் பத்து வரையான கூட்டங்களைப் பற்றிய பேச்சு. நாமோ குழந்தை சின்னது என்று ஒன்று, இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் கண்ணே எண்ணாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணினால்தான் தெரியும் என்ற தேவை நான்கைத் தாண்டித்தான் எழுகிறது.

சொல்லும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கெல்லி மிக்ஸும் கூட்டாளிகளும் 2012-ல் மூன்று வயதுக் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்துப் படப் புத்தகங்களைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு எண்ணிக் காட்டுவது மட்டும். ஒரு குழுவுக்குத் தொகையைச் சொல்வது மட்டும். இன்னொன்றுக்கு இரண்டையும், ஆனால் தனித்தனி நேரத்தில். மற்றொன்றுக்குத் தொகையைச் சொன்ன கையோடு எண்ணிக் காட்டுவது. கடைசிக் குழுதான் முன்னேறியது. அடுப்படி மொழியில் சொன்னால், "நாலு தட்டு இருக்கு பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." முதலில் சொன்ன நாலும் முடிவில் வந்த நாலும் ஒரே மூச்சில் காதில் விழும்போதுதான் இரண்டும் ஒன்று என்று குழந்தைக்குப் படுகிறது போலும். எண்ணும்போது தட்டைத் தொட்டுக்கொண்டே எண்ண வேண்டும். கடைசித் தட்டைத் தொட்டதும் கையை அப்படியே எல்லாத் தட்டையும் சுற்றிக் கொண்டுபோனால் இன்னும் தெளிவு.

நம் வீடுகளில் இதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. சாப்பாட்டுக்கு எத்தனை பேர், அத்தனை தட்டு. அதைக் குழந்தையை எடுத்து வைக்கச் சொல்லலாம். தட்டுக்கு ஒரு டம்ளர். டம்ளர் குறைந்தால், "இன்னும் எத்தனை வேணும்?" இட்லிக் கொப்பரையில் ஒரு தட்டில் எத்தனை குழி? கொடியில் காயும் துணிக்கு எத்தனை கிளிப்? மாடிப்படி ஏறும்போது எண்ணுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, நல்ல பழக்கம்தான்; ஏறி முடித்ததும் திரும்பிப் பார்த்து "மொத்தம் ஒன்பது படி" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம், அங்கேதான் பாதிப் பயன் போய்விடுகிறது. ரேஷன் கடைக்கோ பால் பூத்துக்கோ போகும் தாத்தா "அஞ்சு பாக்கெட்டு வாங்கணும், எண்ணி வாங்கு சாமி" என்று பேரனிடம் பையை நீட்டினால் அது போதும். ஃபிளாஷ் கார்டும், மடிக்கணினி போன்ற பேசும் பொம்மையும் விற்கிறவர்களுக்கு இதெல்லாம் உவப்பாக இராது.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டையையும் குண்டுமணியையும் எடுத்துத் தருகிற பழக்கம் உண்டு. மூன்று வயது என்பது எதையும் மூக்கிலும் காதிலும் திணித்துப் பார்க்கும் வயது. குண்டுமணி விஷமும்கூட, வீட்டிலேயே வேண்டாம். பாட்டில் மூடி, துணி கிளிப், எலுமிச்சம்பழம், கரண்டி, இவை போதும். ரொம்ப அழகான பொம்மைகளும் எண்ணுவதற்கு ஏற்றவையல்ல. குட்டி யானையையும் காரையும் கொடுத்தால் குழந்தை அதை ஓட்டத்தான் பார்க்கும்.

விரலை மறந்துவிடக் கூடாது. "உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டால் மூன்று விரலைப் பிரித்துக் காட்டுவதற்குள் குழந்தை படும் பாடு எல்லோரும் ரசிப்பது. 2015-ல் குண்டர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் மற்றவர்களும் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். கடைசிச் சொல்லே தொகை என்று இன்னும் பிடிபடாத குழந்தைகளிடம் இரண்டு, மூன்று பொருள் உள்ள படத்தைக் காட்டி எத்தனை என்று கேட்டால், வாயால் சொல்வதைவிட விரலால் காட்டும் பதில் அதிகம் சரியாக இருக்கிறது. விரல் சொல்லை முந்திக்கொண்டு போகிறது. 'எப்பப் பாரு விரல் விட்டு எண்ணிக்கிட்டு' என்று முதல் வகுப்பிலேயே கையைத் தட்டிவிடும் ஆசிரியர்களும் பெற்றோரும் இன்னமும் இருக்கிறார்கள். அந்த வயதில் அப்படித் தட்டிவிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இனி விளையாட்டு. ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் செய்ததைப் போலக் குறைந்த செலவில் நிறைந்த பலன் கண்ட சோதனைகள் கல்வி ஆராய்ச்சியில் அபூர்வம். ஒரு நீளமான அட்டை. அதில் ஒரே வரிசையில் பத்துக் கட்டம், இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண்கள். சுழற்றினால் ஒன்று அல்லது இரண்டு விழும் ஒரு சுழலி. வந்ததற்கேற்பக் காயை நகர்த்த வேண்டும். வறுமைப்பட்ட குடும்பங்களிலிருந்து அரசு மழலையர் மையங்களுக்கு வரும் நாலைந்து வயதுக் குழந்தைகளோடு ஒருவர் தனியாக உட்கார்ந்து இதை விளையாடினார். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, முறைக்குக் கால்மணி நேரம். மொத்தம் ஒரு மணி நேரம்! இன்னொரு குழுவுக்கு இதே அட்டைதான், எண்ணுக்குப் பதில் வண்ணங்கள். எண் அட்டைக் குழு எண்ணுவதிலும், எழுதிய எண்ணை அடையாளம் சொல்வதிலும், எது பெரியது என்று ஒப்பிடுவதிலும், ஒரு கோட்டில் எண் எங்கே உட்காரும் என்று குறிப்பதிலும் முன்னேறியது. ஒன்பது வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. வண்ண அட்டைக் குழுவுக்கு ஒன்றுமில்லை. மறுவருடம் அதே எண்களை வட்டமாக எழுதிப் பார்த்தார்கள். நேர்வரிசை தந்த பலன் வட்டத்தில் கிடைக்கவில்லை. எண் கூடக்கூடத் தூரமும், நகர்த்தும் நேரமும், சொல்லும் சொற்களும் சேர்ந்து கூடுவதை நேர்வரிசை கண்ணுக்கும் கைக்கும் ஒருசேரக் காட்டிவிடுகிறது.

இதில் ஒரு சின்ன விதி இருந்தது. அதைத் தவறவிட்டால் விளையாட்டின் உயிரே போய்விடும். காய் நான்கில் நிற்கிறது, இரண்டு விழுந்தது. குழந்தை "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்தும். நாமும் தாயத்திலும் பரமபதத்திலும் அப்படித்தான் சொல்கிறோம். சீக்லர் அதை அனுமதிக்கவில்லை. "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். இந்த வித்தியாசம் முக்கியமா என்று எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-ல், நூறு கட்டம் உள்ள அட்டையில், தனியாகச் சோதித்தார்கள். முக்கியம்தான். கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்திய குழந்தைகள் நன்றாகக் கற்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆக, அலமாரியில் தூங்கும் பரமபதப் படத்துக்குப் புதிதாக ஒரு வேலை கிடைக்கிறது, ஆனால் ஐந்து வயதுக்கு மேல். வரிசைக்கு வரிசை திசை மாறிப் போகும் அத்தனை கட்டம் மூன்று வயதுக்குத் தலைசுற்றல். பாம்பு கடித்துக் கீழே வந்தால் அழுகை வேறு.

மூன்று, நான்கு வயதுக்கு மொட்டை மாடித் தரையும் ஒரு சாக்பீஸும் போதும். நேர்கோட்டில் பத்துக் கட்டம் போட்டு எண்களை எழுதுங்கள். பாண்டிக்குப் போடுவதுபோல் கிளைபிரிக்க வேண்டாம். காய் குழந்தையே. சுழலிக்குப் பதில் இரண்டு சோழி. குலுக்கிப் போட்டால் எத்தனை மல்லாந்திருக்கிறதோ அத்தனை கட்டம். இரண்டும் மல்லாந்தால் இரண்டு, ஒன்றென்றால் ஒன்று, இரண்டும் கவிழ்ந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தாவும்போது காலடியில் இருக்கும் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பதில் ஒரு சிரமமும் இருக்காது. கத்தக் கூடாது என்று சொல்லித்தருவதில்தான் சிரமம்.

பல்லாங்குழியை இந்த வயதில் முழுதாக ஆட முடியாது. பதினாலு குழியும், குழிக்கு ஐந்து முத்தும் என்று எழுபது காய் இறங்கினால் கணக்கு பெரியவர்களுக்கே தப்பும். ஒரு பக்கத்து ஏழு குழியை மட்டும் வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் காய்களைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகட்டும். ஒரு குழிக்கு ஒரு காய், ஒரு காய்க்கு ஒரு சொல். கெல்மன், கேலிஸ்டல் சொன்ன முதல் விதி கைப்பழக்கமாகிவிடும். சோழியையோ பெரிய பாட்டில் மூடியையோ காயாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லா விளையாட்டும் எல்லாவற்றையும் தந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. டெல்லியில் பிரதம் அமைப்பின் மழலையர் வகுப்புகளில் மோய்ரா டிலன், ஹரிணி கண்ணன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் நடத்திய பெரிய சோதனை 2017-ல் சயின்ஸ் இதழில் வெளியானது. 214 வகுப்புகள், 1,540 குழந்தைகள், சராசரி வயது ஐந்துக்குச் சற்றுக் கீழே. எந்தக் கூட்டம் பெரியது, எந்த வடிவம் மற்றவற்றோடு பொருந்தவில்லை என்ற மாதிரியான கணித விளையாட்டுகளை நான்கு மாதம் ஆடினார்கள். அந்தத் திறமைகள் நன்றாக வளர்ந்தன, ஓராண்டுக்கு மேலும் நிலைத்தன. எண் சொல்லும் குறியீடும் சார்ந்த திறன்களில்கூட உடனடியாகக் கொஞ்சம் ஏற்றம் தெரிந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் போனபின் பள்ளிக் கணக்கைக் கற்பதில் இந்தக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. கண்ணால் கூட்டத்தை மதிப்பிடும் திறமை தன்னாலேயே நடந்துபோய் 'ஏழு' என்ற சொல்லையும் 7 என்ற வடிவத்தையும் தொட்டுவிடாது என்று நான் இதைப் படிக்கிறேன். அட்டை விளையாட்டில் அளவு, சொல், வடிவம் மூன்றும் ஒரே கட்டத்தில் இருந்தன. வீட்டில் நாம் செய்வதிலும் இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்: ஏழு வெங்காயம், வாயில் ஏழு, பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதிய 7. அந்தச் சீட்டை எழுதவேண்டியது நாம், குழந்தை அல்ல. மூன்று வயதுக் கையைப் பிடித்துப் புள்ளிக்கோட்டின் மேல் 8 போடவைக்கும் ஒர்க்‌ஷீட்டுகளில் கணக்கு எதுவும் இல்லை, கைவலிதான் இருக்கிறது. அதைப் பக்கம் பக்கமாக வீட்டுக்கு அனுப்பும் மழலையர் பள்ளிகள் நம் ஊரில் ஏராளம்.

கேள்வி கேட்கும் விதத்திலும் குழந்தை தடுமாறும். இரண்டு வரிசையில் சமமாகக் காய்களை அடுக்கி, "ரெண்டும் சமமா?" என்று கேட்டு, பிறகு ஒரு வரிசையை அகட்டி வைத்துவிட்டு மறுபடி அதையே கேட்பது ழான் பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை. அகன்ற வரிசையில்தான் அதிகம் என்று சின்னக் குழந்தைகள் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெகாரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் 1974-ல் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். அது திடீரென்று பாய்ந்து வரிசையைக் கலைத்துவிடும். இப்போது கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டும் சமம் என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. "சரியா எண்ணுனியா? மறுபடி எண்ணு" என்று நாம் சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது. எண்ணியது சரியாகவே இருந்திருக்கும். நம் குரலைக் கேட்டு விடையை மாற்றிவிடும். எண்ணியது தப்பென்று தோன்றினால், "வா, நானும் எண்ணிப் பார்க்குறேன்" என்று நாமும் சேர்ந்து எண்ணுவது மேல்.

எந்த மொழியில் எண்ணுவது என்ற கேள்வி தமிழ்நாட்டு வீடுகளில் தவிர்க்க முடியாதது. வீட்டில் தமிழ், எல்கேஜியில் 'ஒன், டூ, த்ரீ'. பல வீடுகளில் தமிழில் பத்துக்கு மேல் சொல்லத் தெரியாத குழந்தைகள் வளர்கிறார்கள். கெவின் மில்லர் குழுவினர் 1995-ல் பெய்ஜிங் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். பத்து வரை வித்தியாசம் இல்லை. பதினொன்றைத் தொட்டதும் அமெரிக்கக் குழந்தைகள் திணறினார்கள். சீனத்தில் பதினொன்று என்பது 'பத்து-ஒன்று'. இலெவன், ட்வெல்வ் என்பதில் பத்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது. தமிழில் பதினொன்று, பதினாறு, பதினெட்டு எல்லாவற்றிலும் பத்து வெளிப்படையாக நிற்கிறது. பன்னிரண்டு கொஞ்சம் முகம் மாறினாலும் அடையாளம் தெரியும். தொண்ணூறு மட்டும் நூறை ஒட்டிக்கொண்டு எல்லோரையும் குழப்பும். மில்லர் ஆய்வை எடுத்துச் சொல்கிறவர்கள் அதன் மறுபாதியை ஆர்வக்கோளாறில் விட்டுவிடுகிறார்கள்: வரிசை சொல்வதில் முந்திய சீனக் குழந்தைகள், சின்னக் கூட்டங்களை எண்ணுவதில் அமெரிக்கக் குழந்தைகளைவிட முந்தவில்லை. மொழி வரிசைக்கு உதவியது. பொருளோடு இணைக்கும் வேலை எல்லாக் குழந்தைக்கும் பொதுவாகவே இருந்தது. அதனால் பாட்டி தமிழில் எண்ணட்டும், அப்பா ஆங்கிலத்தில் எண்ணினாலும் எண்ணட்டும். எண்ணும்போது கை பொருளின் மேல் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

மூன்று, ஐந்து, பத்து எல்லாம் கைவந்த நாலு வயதுக் குழந்தையும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும்: பூஜ்ஜியம். ஹென்றி வெல்மனும் கெவின் மில்லரும் 1986-லேயே இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் 0 என்ற வடிவத்தின் பெயர் தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்து அது 'ஒன்றும் இல்லை' என்பதற்கான பெயர் என்று தெரிகிறது. அப்போதும் எல்லாவற்றிலும் சின்ன எண் எது என்று கேட்டால் ஒன்று என்றே சொல்லும். பூஜ்ஜியமும் எண்களின் வரிசையில் ஒன்றுக்கு முன்னால் நிற்கிறது என்பது கடைசியில்தான் பிடிபடுகிறது. ஒன்றும் இல்லாததை எண்ண முடியாதே, அப்புறம் அது எப்படி எண்ணாகும் என்று குழந்தை யோசிப்பதில் தவறே இல்லை. மொட்டை மாடிக் கட்டங்களில் இப்போது முதல் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் போட்டு 0 எழுதி, ஆட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம். சோழி இரண்டும் கவிழ்ந்து விழும்போது "எத்தனை விழுந்துச்சு?" என்று கேளுங்கள். கொஞ்ச நாள் "ஒண்ணுமே விழல" என்று பதில் வரும். "பூஜ்ஜியம் விழுந்துச்சு" என்று எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.